ஐஸ் பெட்டியில் வெந்நீர்

நான் மீன் வியாபாரி. காசிமேட்டு ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, ஓட்டல்களுக்கு அனுப்புகிறவள். எதை வாங்கினாலும் தொட்டுப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், விற்கிறவன் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். நேற்றைய வஞ்சிரத்தை இன்றைய வஞ்சிரம் என்று என் கூடையில் தள்ளியவன் ராயபுரத்தில் இன்னும் பிறக்கவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கிற பெருமையைச் சொன்னால் என்ன? அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு பொருளை வாங்க மூன்று மாதம் நாயாய் அலைந்தேன். அது என் அக்கா கழுத்தளவு வெந்நீரில் உட்காருவதற்கான ஒரு தொட்டி.

அக்கா குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் படிப்பு ஏறியது அவள் ஒருத்திக்குத்தான். நான் பத்தாவதோடு புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டேன். அவள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலை ஏறினாள். பள்ளி வளாகத்துக்குள்ளேயே அவளுக்கு ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே தனியாகத்தான் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை மே மாத விடுமுறைக்கு ராயபுரத்துக்கு வருவாள்.

அந்த வருஷம் அவள் வந்தபோது வாசலுக்கு ஓடினேன். ஆட்டோவிலிருந்து இறங்கவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. விரல்கள் மடங்கவில்லை. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத்தான் குடித்தாள். முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு வருஷமாக எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "சொன்னா நீ என்ன பண்ணுவே, கத்துவே" என்றாள். கத்தத்தான் செய்தேன்.

கோபம் தணிந்த பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் எழுந்தால் உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்குமாம். வெயில் ஏறி, பத்து பத்தரைக்குத்தான் கை கால் இளகுமாம். ஆனால் பள்ளிக்கூடம் எட்டரைக்கு. முதல் பீரியடில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் பிள்ளைகளையே போர்டில் எழுதச் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். தலைமை ஆசிரியை நல்ல அம்மா. கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "டீச்சர், நீங்க ரெஸ்ட் எடுத்துக்கலாமே" என்று மட்டும் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

"மூணாவது வாட்டி சொன்னாங்கன்னா நானே எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள் அக்கா.

"இன்னும் அஞ்சு வருஷம் சர்வீஸ் கீதே. வுட்டுட்டு இன்னா பண்ணுவே?"

"அதான் தெரியலடி. எனக்கு வேற என்ன தெரியும்? உன் வூட்டு வாசல்ல உட்கார்ந்துகினு மீன் எண்ணுவேனா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடமிருந்து அந்த வகுப்பறையைப் பிடுங்கினால் அவள் ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர், கடல், கடன்காரர்கள் என்று சண்டை போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவளுக்கு அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் நெட்டுக்குப்பத்துக்கு இறால் எடுக்கப் போனேன். வீட்டில் அடைந்து கிடப்பானேன் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அனல் மின் நிலையத்திலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்து சேருகிற ஒரு வாய்க்கால் உண்டு. நான் இறால்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் முட்டி முங்க நின்றுகொண்டிருந்தாள். பேரம் முடிந்து கூப்பிட்டேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு மணி நேரம் நின்றாள். திரும்பும்போது யார் கையையும் பிடிக்காமல் ஆட்டோவில் ஏறினாள்.

"டாக்டரும் இதையேதான் சொன்னார்" என்றாள். "தெனம் காலையில அரை மணி நேரம் கழுத்து வரைக்கும் வெந்நீர்ல உட்காரணுமாம். அங்க ரெண்டாவது சொம்பு ஊத்துறதுக்குள்ள பக்கெட் தண்ணி ஆறிப் போகுது. எதுல போய் உட்கார்றது?"

"தொட்டிலதான். நான் வாங்கித் தர்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டால் போதுமா? அவளுடைய வீட்டு நிலவரத்தை விசாரித்தபோதுதான் சங்கதி புரிந்தது. மின்சாரம் அங்கே வருவதும் போவதுமாக இருக்கும், ஹீட்டரை நம்ப முடியாது. பக்கத்திலேயே விடுதிச் சமையற்கட்டில் விறகு போட்டு எரிக்கும் பெரிய பாய்லர் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதில் மிஞ்சும் வெந்நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காலையில் சொட்டுகூடக் கிடைக்காது, இருநூறு பிள்ளைகள் குளிக்க வேண்டும். ஆக எனக்குத் தேவையான தொட்டி ஒரே ஒரு பரீட்சையில் பாஸாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊற்றிய வெந்நீர், குன்னூர்க் குளிரில், காலை ஐந்தரைக்கும் சுட வேண்டும். நவம்பருக்குள் இது நடக்க வேண்டும். டிசம்பர் குளிரில் தலைமை ஆசிரியை மூன்றாவது முறை சொல்லிவிடுவார் என்று அக்கா ஜூன் மாதமே பயந்துகொண்டு மலை ஏறினாள்.

முதலில் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஏலம் முடிந்த கையோடு போனதால் மேலே மீன் வாசம் வந்திருக்கும், வரட்டும். ஏசி அறையில் வெள்ளை வெளேரென்று தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். டை கட்டிய ஒருவர் இரண்டடி தள்ளியே நின்று விளக்கினார்.

"இது இம்போர்டட் மேடம். எட்டு ஜெட் இருக்கு. தண்ணி பீய்ச்சி அடிக்கும், மசாஜ் மாதிரி."

"அடிக்கட்டும். சாயங்காலம் ஆறுக்கு ஊத்தின வெந்நீ காலைல அஞ்சரைக்குச் சுடுமா?"

"ஹீட்டர் இருக்கு மேடம். ஆன்லயே வச்சிருக்கணும்."

"கரண்டு போச்சுன்னா?"

"யூ.பி.எஸ். போட்டுக்கலாம் மேடம்."

"மூடி இருக்குதா?"

மூடி தனியாக ஆர்டர் செய்ய வேண்டும் என்றார். நான் விரலை மடக்கித் தொட்டியின் பக்கவாட்டில் தட்டினேன். எந்தப் பெட்டியையும் நான் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன், நல்ல பெட்டி அடக்கமாகச் சத்தம் போடும். இது டங்கென்று அப்பளம் மாதிரி பேசியது. "மேடம், தட்டாதீங்க" என்றார் அவர். தட்டக்கூடாத பொருளை வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்து, உடைத்த கப்பல்களின் சாமான்களை வாங்கி விற்கும் ஒரு கடை. மண்ணடிப் பக்கம். கடைக்கார பாய் எனக்குப் பழக்கம்தான், என் வீட்டுக் கட்டில் அவர் கொடுத்தது. சிங்கப் பாதம் வைத்த இரும்புத் தொட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே பீங்கான் பூச்சு, ஒரு கீறல் இல்லை.

"கேப்டன் குளிச்ச தொட்டிமே இது" என்றார்.

"கேப்டன் குளிச்சா எனக்கு இன்னா பாய்? டீக்கடைல ஒரு பக்கெட் சுடுதண்ணி வாங்கியாரச் சொல்லு."

வந்தது. ஊற்றினோம். நானும் பாயும் ஆளுக்கொரு டீ குடித்தோம். குடித்து முடித்துக் கையை விட்டால் தண்ணீர் பச்சைத் தண்ணீராகி இருந்தது. இரும்பு மட்டும் சுட்டது.

"மெட்ராஸ் வெயில்லயே இப்படின்னா குன்னூர்ல இன்னா ஆவும்?" என்றேன்.

"குன்னூருக்கா?" பாய் யோசித்தார். "அப்போ வேணாம்மே. நான் வித்துட்டு நீ பேஜாராவணுமா? இரும்பு குளுர்ல கல்லாய்டும்."

நல்ல மனுஷன். இன்னும் இரண்டு கட்டில் அவரிடம் வாங்கலாம்.

மாடியில் வைக்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் தூக்கத் தெரியும், யோசிக்கத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்றேன். ஆனால் எனக்கும் யோசனை தீர்ந்துவிட்டது. இரண்டு மாதம் ஓடிப்போயிருந்தது. வாரம் ஒரு முறை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது அக்கா தொட்டியைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். "வந்துகினே கீது" என்று நானாகவே சொல்லிவிட்டுப் போனை வைப்பேன்.

ஒரு நாள் காலை, மூன்று நாள் கடலுக்குப் போய்த் திரும்பிய லாஞ்சிலிருந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து என் பங்கை எடுக்கக் கையை விட்டேன். விரல் விறைத்தது. ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கிறது, கடலில் மூன்று நாள் வெயில் வேறு. உள்ளே போட்ட ஐஸ் அப்படியே இருந்தது. கையை எடுக்காமல் நின்றேன். பின்னால் நின்ற ஆள், "இன்னாக்கா, ஐஸ்ல கை ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டான். முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை மூடித் திறக்கிற பெட்டி. அதை விட்டுவிட்டு மவுண்ட் ரோட்டுக்குப் போன என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நேராகப் பெட்டிக்காரரிடம் போனேன். லாஞ்சுகளுக்கு பைபரில் ஐஸ் பெட்டி செய்து தருகிறவர். துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, உடம்பெல்லாம் பைபர்த் தூளோடு இருப்பார். என் வியாபாரத்தின் எல்லாப் பெட்டியும் அவர் கைவேலைதான். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் வாய் என்னைவிடப் பெரிது.

"ஒரு பொட்டி வேணும். ஒரு ஆளு உக்கார்ற மாதிரி" என்றேன்.

"யாரைப் போட்டுத் தள்ளப் போறே?"

சொன்னேன். கேட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பீடியை எடுத்து உருட்டினார்.

"சொம்மா கலாய்க்காதக்கா. மீன் வைக்கிற பொட்டில டீச்சரம்மாவ வைக்கப் போறியா?"

"ஐஸு கரையாம இருக்க இன்னா பண்றே?"

"ரெண்டு சொவுரு, நடுவுல தெர்மாகோல். வெளிய கீற சூடு உள்ள பூராது."

"அப்போ உள்ள கீற சூடு?"

பீடியைப் பற்றவைக்காமலேயே யோசித்தார். "அதுவும் வெளிய போவாது" என்றார் மெதுவாக. "அட, ஆமா."

அதற்குப் பிறகு அந்த மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. நடுவில் வைக்கிற தெர்மாகோலை வழக்கத்தைவிடத் தடிமனாக்கினார். மூடியை இரண்டாகப் பிரித்தார், ஒரு பாதியை மூடிவிட்டு மறு பாதியில் தலை மட்டும் வெளியே தெரிய உட்காரலாம். அடியில் தண்ணீர் வெளியேற ஒரு குழாய். கைவசம் இருந்தது படகு நீலம்தான், நீலமே இருக்கட்டும் என்றேன். புது பைபர் வாசம் போக, சோப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீருமாக மாற்றி மாற்றி நிரப்பி இரண்டு வாரம் வெயிலில் வைத்திருந்தோம். பிறகு என்னையே மூக்கை வைத்து முகரச் சொன்னார். என் மூக்கு பாஸ் சொன்னால் காசிமேடே பாஸ் சொன்ன மாதிரி.

பரீட்சையும் எங்கள் முறைப்படியே நடந்தது. இரண்டு ஐஸ் பாரை உள்ளே போட்டு, மூடி, நானே பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்றாம் நாள் திறந்தபோது கூட்டமே கூடிவிட்டது. ஓரம் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது, மற்றபடி போட்டது போட்டபடி. பெட்டிக்காரர் ஒரு கையை விளிம்பில் ஊன்றி ஒரே தாவலில் உள்ளே போய் உட்கார்ந்து கால் நீட்டிக் காட்டினார். வேடிக்கை பார்த்த லாஞ்சுக்காரர்கள் ஆளாளுக்குத் தாவிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தாவு தாவினேன். லாஞ்ச் ஓரத்தைத் தாண்டித் தாண்டிப் பழகிய கால், இதெல்லாம் ஒரு உயரமா? உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடினால் எனக்கே எழுந்திருக்க மனமில்லை. எல்லாரும் சேர்ந்து சபாஷ் சொன்னோம்.

கோயம்பேட்டில் கேரட் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஒரு லாரியில் தொட்டி மலை ஏறியது. நானும் பெட்டிக்காரரும் ரயிலிலும் பஸ்ஸிலுமாகப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். நவம்பர் இரண்டாவது வாரம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டிக்காரர் துண்டால் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"இன்னாக்கா இது, ஊரையே ஐஸ் பொட்டிக்குள்ள வெச்சுகினு கீறானுங்க."

பள்ளித் தோட்டக்காரர்கள் நான்கு பேர் தொட்டியைத் தூக்கி அக்கா வீட்டின் பின்வராந்தாவில் வைத்தார்கள். அக்கா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மே மாதத்தைவிட மெலிந்திருந்தாள். மப்ளருக்குள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குடி" என்றாள். அவ்வளவுதான். அவள் எப்போதும் அதிகம் பேச மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு ரப்பர்க் குழாய் போட்டு விடுதி வெந்நீரை நிரப்பினோம். மூடினோம்.

காலை ஐந்தரைக்கு நான்தான் மூடியைத் திறந்தேன். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. முழங்கையை விட்டுப் பார்த்தேன், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம். வெளியே புல்லெல்லாம் பனி. நான் வராந்தாவில் நின்று, சும்மா சொல்லக்கூடாது, ஒரு ராணி மாதிரி உணர்ந்தேன். அக்காவை அழைத்து வந்தேன். பழைய நைட்டியோடு குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தாள்.

தொட்டி அவள் இடுப்புக்கு மேலே இருந்தது.

ஒரு காலைத் தூக்கப் பார்த்தாள். அரையடி எழும்பியது. விளிம்பைப் பிடிக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. நான் ஓடிப்போய் ஸ்டூலைக் கொண்டுவந்தேன். ஸ்டூலில் ஏறவே முட்டி மடங்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், அவள் வலியில் உதட்டைக் கடித்தாள். இறக்கிவிட்டேன். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். தண்ணீரிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது.

"நீ எறங்குடி. இவ்ளோ தூரம் வந்திருக்கே, வெந்நீர் வீணாப் போகுது" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "நேத்தே தெரிஞ்சுதில்ல உனக்கு? வாயத் தொறந்து சொன்னா இன்னா? முத்து உதுந்துடுமா?" என்று கத்தினேன்.

"உன் மூஞ்சி அவ்ளோ சந்தோஷமா இருந்துது. எப்படிச் சொல்றது?"

பிறகு, குற்றம் சொல்லாத குரலில், "போன்ல கேட்டேன்" என்றாள்.

கேட்டிருந்தாள். செப்டம்பரில் ஒரு நாள், தொட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டாள். உயரத்தைப் பற்றி உனக்கு என்ன, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையைக் கேட்டேன், பாயைக் கேட்டேன், ஐஸைக்கூடக் கேட்டேன். உட்காரப் போகிறவளைக் கேட்கவில்லை. காசிமேட்டில் அத்தனை பேர் தாவிப் பார்த்தோமே, அதில் ஒருவருக்காவது முட்டிவலி இருந்ததா? வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது, டிசம்பருக்குப் பதினைந்து நாள்தான். சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பெட்டிக்காரர் வெளியில் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தலையில் அடித்துக்கொண்டார். பக்கச்சுவரை அறுத்துக் கதவு வைத்துவிடுகிறேன் என்றார், தெர்மாகோலுக்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்று அவரே சொன்னார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அக்காவின் எதிரில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நீ சொல்லுக்கா. இன்னா பண்ணலாம்?"

உடனே சொன்னாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் போல.

"என்னை ஏன் தொட்டி ஒசரத்துக்குத் தூக்கணும்னு பாக்கறீங்க? அத எறக்குங்க."

பின்வராந்தாவை ஒட்டி, இரண்டடி கீழே, கோஸ் போட்டிருந்த ஒரு பாத்தி இருந்தது. மலையில் நிலம் முழுக்க அப்படித்தான், படி படியாக வெட்டியிருப்பார்கள். தொட்டியைக் கீழ்ப்படியில் வராந்தாவை ஒட்டி இறக்கினால், மூன்றரை அடியில் இரண்டடி போய்விடும். மிச்சம் ஒன்றரை அடி. "நாற்காலி ஒசரம்" என்றாள். "நாற்காலியில நான் உட்காருவேனே. உட்கார்ந்து, ஒவ்வொரு காலா உள்ள போட்டுக்குவேன். உள்ள ஒரு பலகை போட்டுக் குடுங்க, அதுல நழுவி உட்கார்ந்துக்குவேன்." எல்லாவற்றையும் உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை வைத்துக்கொண்டு கோணல்மாணலாக வரைந்து வேறு காட்டினாள். ராயபுரத்தில் கடலும் தெருவும் ஒரே மட்டம். தொட்டியைக் கீழ்நிலத்தில் இறக்கலாம் என்று எங்கள் ஆட்களுக்கு எப்படித் தோன்றும்?

அன்று முழுக்க வேலை நடந்தது. கோஸைப் பிடுங்கி, கல் பாவி, தொட்டியை இறக்கி, மேலே தகரம் வேய்ந்து, சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள். பெட்டிக்காரர் அகலமான பலகையை விளிம்பில் பதித்து உட்காரும் இடம் செய்தார். உள்ளேயும் ஒரு பலகை. எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டுமே என்று மேலே குறுக்குக் கட்டையிலிருந்து லாஞ்ச் கயிற்றைத் தொங்கவிட்டார். விரலால் பிடிக்க முடியாது என்று அக்கா சொன்னதும், முழங்கை நுழைகிற அளவுக்கு வளையம் போட்டு முடிச்சிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவளை உட்காரவைத்து, "ஒசரம் சரியா டீச்சர்? இன்னும் எறக்கணுமா டீச்சர்?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். ஆறு மணிக்கு மறுபடியும் வெந்நீர் நிரப்பி மூடினோம்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுப்புகிறேன், கை கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பதறி எழுந்து பின்கதவுக்கு ஓடினேன். கதவு பாதி திறந்திருந்தது.

மூடியின் ஒரு பாதி திறந்திருந்தது, முழங்கையால் தள்ளியிருப்பாள். விளிம்புப் பலகையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வலது தொடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, வேறு யாருடைய காலையோ தூக்குவது போலத் தூக்கினாள். பாதியில் நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. நான்கு எட்டு வைத்தால் நான் போய்விடலாம். என் கை தானாக நீண்டது. இத்தனை வருஷத்தில், யாராவது தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றதே இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் சொல்லும் நேரம் ஆகியிருக்கும். வலது கால் உள்ளே போனது. பிறகு இடது கால். வளையத்தில் முழங்கையை மாட்டிக்கொண்டு மெதுவாக நழுவினாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வராந்தாவில் வழிந்தது. கழுத்து வரை முங்கி, தலையைப் பின்னால் சாய்த்தாள். ஒரு வருஷ வலியை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு அவளிடமிருந்து வந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை.

"கதவச் சாத்திட்டுப் போடி" என்றாள். "குளிர் வீட்டுக்குள்ள போகுது."

சாத்திவிட்டு வந்து, அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.